காற்றுக்கு முதுகு காட்டிய கரை

(கல்கிசையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கரீபியன் கடலில் ஒரு தீவுக்கு விடுமுறையில் போக வேண்டும், படகு ஏறாமல் கரையிலிருந்தே இறங்கிச் சுழியோட வேண்டும், அதற்கு எப்படித் திட்டம் போடுவது என்று கேட்பவர்கள் இப்போது கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். முன்பு ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் வெயிலில் நின்று தலை சுற்றிவிட்டது என்று நினைத்திருப்போம். இன்றைக்குப் பிள்ளைகள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள். குளிர் பொறுக்காமல் ஒரு வாரம் கரீபியனுக்குப் பறக்கிறார்கள். ஆமைக்குப் பக்கத்தில் தாங்கள் மிதக்கும் படத்தை அனுப்புகிறார்கள். இங்கே அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்கட கடலிலும் ஆமை இருக்குதுதானே" என்கிறார். இன்றைய பேச்சு முழுவதும் அந்த அம்மாவுக்கு ஒரு பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆமை இருக்கிறது. கரையிலிருந்து இறங்கி அதைப் பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலைக் காற்று சொல்லும். மீதிப் பாதியை மனிதர் போட்ட சட்டம் சொல்லும்.

முதலில் பொனேர். கரையோரச் சுழியோட்டம் என்றவுடன் உலகம் முழுவதும் சொல்லும் பெயர் அதுதான். வெனிசுவேலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றரில் இருக்கும் 288 சதுர கிலோமீற்றர் நிலம். நம்முடைய மன்னார்த் தீவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்மை 1658 முதல் 1796 வரை ஆண்ட அதே ஒல்லாந்தர் 1636இல் பிடித்த தீவு, இன்றும் அவர்களிடமே இருக்கிறது. 2010 ஒக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் ஒரு சிறப்பு நகரசபை. ஆனால் செலாவணி அமெரிக்க டொலர்.

வரைபடத்தில் பார்த்தால் தீவு பிறை போல வளைந்து மேற்கு நோக்கி வாயைத் திறந்திருக்கிறது. அந்த வாய்க்குள்ளே க்ளைன் பொனேர் என்ற குட்டித்தீவு. ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று அடிக்கிறது. கிழக்குக் கரையில் அலை பாறையை அறைகிறது, அங்கே பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை. மேற்குக் கரைக்குத் தீவே மறைப்பு. காற்று நிலத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது, அலை எழுப்ப அதற்கு இடமில்லை. இதோடு இன்னும் இரண்டு தற்செயல்கள் சேர்ந்திருக்கின்றன. மழை குறைவு. நம்முடைய கொழும்பில் பெய்வதில் கால்பங்குகூட இல்லை. ஆறு ஒன்றும் ஓடுவதில்லை, ஆகவே கடலுக்குள் சேறு கொண்டுபோய்க் கொட்டவும் ஆளில்லை. மற்றது, பவளப்பாறை கரையை ஒட்டியே தொடங்கி, நீந்திப் போகும் தூரத்திலேயே பத்து மீற்றர் ஆழத்துக்கு வந்து, அங்கிருந்து சரிவாக இறங்குகிறது. கலங்காத நீர், அலையில்லாத கரை, பக்கத்திலேயே சரிவு. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை.

அதனால் அங்கே ஒரு வினோதமான வாழ்க்கை முறை உருவாகிவிட்டது. சுழியோட வருகிறவர் கார் எடுப்பதில்லை, ஒரு பிக்கப் வாடகைக்கு எடுக்கிறார். பின்னால் ஆறு சிலிண்டரை அடுக்குகிறார். கரையோர வீதியில் போகப்போக மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் வரும். ஒவ்வொரு கல்லிலும் ஓர் இடத்தின் பெயர். கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டி, கல்லும் பவளத் துண்டுகளுமான கரையில் தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்தோடு தள்ளாடி நடந்து, இடுப்பளவு நீரில் கால் துடுப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். பெயரிட்ட இடங்கள் எண்பதுக்கு மேல், அவற்றில் ஐம்பதுக்கு மேல் கரையிலிருந்தே இறங்கக்கூடியவை. ஓர் இடத்துக்கு 'ஆயிரம் படிகள்' என்று பெயர். எண்ணினால் நூறுகூட வராது. சிலிண்டரோடு திரும்பி ஏறியவர்கள் வைத்த பெயர் அது. தெற்கே உப்பளங்களுக்குப் போகும் வழியில், ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் கல் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. 1850 அளவில் உப்பு வாரிய அடிமைகள் படுத்த இடம். ஒல்லாந்தர் அங்கே அடிமை முறையை ஒழித்தது 1863இல். அந்தக் குடிசைகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு உல்லாசமாகக் கடலில் இறங்குகிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இறங்குமுன் ஒரு நிமிடம் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

தெற்குக் கரையில் ஹில்மா ஹூக்கர் என்று ஒரு கப்பலும் கிடக்கிறது. 1984இல் இயந்திரக் கோளாறோடு வந்த சரக்குக் கப்பல். அதிகாரிகள் ஏறித் தேடியபோது உள்ளே ஆயிரக்கணக்கான கிலோ கஞ்சா. உரிமையாளர் யாரும் முன்வரவில்லை. கட்டிப் போட்டிருந்த கப்பல் அந்த ஆண்டு செப்டெம்பர் 12இல் தானாகவே மூழ்கியது. முப்பது மீற்றர் ஆழத்தில் பக்கவாட்டில் கிடக்கும் அதைக் கரையிலிருந்து நீந்திப் போய்ப் பார்க்கலாம். கஞ்சா கிடைக்காது.

இனி, எங்களுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். பொனேரில் சுழியோட்டத்தைத் தொடங்கிவைத்தவர் என்று எல்லோரும் சொல்வது டொன் ஸ்ருவட் என்ற அமெரிக்கரை. கப்டன் டொன் என்பார்கள். அவர் பாய்மரப் படகில் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது 1962இல். அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இலங்கை அவரைவிட ஆறு வருடம் முந்திக்கொண்டது.

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இங்கே வந்தார். விண்வெளிக் கதை எழுதியவர் கொழும்பில் என்ன செய்தார் என்று கேட்டால், பெரும்பாலும் கடலுக்குள் இருந்தார் என்பதே விடை. நீருக்குள் உடல் எடையற்று மிதக்கும் அனுபவம்தான் விண்வெளிக்கு மிக அருகில் மனிதன் போகக்கூடிய வழி என்று அவர் நம்பினார். கூட வந்தவர் மைக் வில்சன். இங்கேயே கடலைக் கரைத்துக் குடித்திருந்த மூன்றாமவர் ரொட்னி யொங்க்ளாஸ், இந்தப் பக்கத்துத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவர். இவர்கள் திருகோணமலையில் கோணேசர் கோவில் மலையின் அடியில் இறங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோவிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் அங்கே பாசி படிந்து கிடந்தன. 1957இல் வெளிவந்த 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்ற ஆங்கில நூலில் கிளார்க் அதை எழுதினார். 1961இல் தெற்கே பெரிய இராவணன் கோட்டைப் பாறையடியில் வில்சன் சூரத் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். நாணயங்களில் ஹிஜ்ரி 1113 என்று ஆண்டு பொறித்திருந்தது, கிறிஸ்து ஆண்டில் 1702 அளவு. பிறகு படம் எடுக்கப் புறப்பட்டார். அவர் இயக்கிய 'ரன்முத்து தூவ' 1962இல் வந்தது, முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம், கடலடிக் காட்சிகள் திருகோணமலையில் எடுக்கப்பட்டவை. இந்த மண்டபத்தில் நரைத்த தலைகளைப் பார்க்கிறேன், உங்களில் சிலர் அதைத் தியேட்டரில் பார்த்திருப்பீர்கள். வில்சனுடைய கதை அதோடு முடியவில்லை. பின்னாளில் அவர் காவி உடுத்து, சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டு, கதிர்காமத்து முருகனுக்கு அடியாராகிவிட்டார். கோணேசர் கோவில் கற்களைக் கடலடியில் கண்டவருக்கு அதுவும் பொருத்தந்தான்.

ஆகவே ஆரம்பத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. ஒருவேளை முன்னால் நின்றோம். பவள வகைகளை எண்ணினாலும் நாம்தான் முன்னால். கரீபியன் முழுவதிலும் கற்பவளம் அறுபது சொச்சம் வகை. இலங்கைக் கடலில் 180க்கு மேல் என்று நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவில் பல்லாண்டு கடலடி ஆய்வு செய்த அர்ஜன் ராஜசூரிய பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் அவர்கள் எங்கே ஏறினார்கள், நாம் எங்கே இறங்கினோம்?

1979ஐப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் இரண்டு தீவுகளும் கடலைக் காக்கச் சட்டம் செய்தன. இலங்கை ஹிக்கடுவைக் கடலை சரணாலயமாக்கியது. பரப்பு 44 ஹெக்டயருக்குச் சற்று மேல். பொனேர் என்ன செய்தது தெரியுமா? தீவைச் சுற்றி ஒரு கோடு போட்டது. கடல்பெருக்கின் உயர்ந்த எல்லையிலிருந்து அறுபது மீற்றர் ஆழம் வரை, தீவின் கரை முழுவதும் பூங்கா. 2,700 ஹெக்டயர். விதிவிலக்கான கரை என்று ஒன்று இல்லை. அதற்கு முன்பே, 1971இல், ஈட்டியால் மீன் குத்துவதைத் தடை செய்துவிட்டார்கள். 1975இல் பவளம் எடுப்பதைத் தடுத்தார்கள். கப்டன் டொன் நங்கூரம் போடுவதற்கு எதிராக நின்றார், படகைக் கட்ட நிரந்தர மிதவைகள் வந்தன.

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் தென்மேற்குக் கரையில் பவளத்தை உடைத்து சுண்ணாம்புச் சூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது, கடற்கரை வலயத்தில் பவளம் எடுப்பதைத் தெளிவாகத் தடுக்கும் திருத்தம் 1988இல். சூளைக்காரரை மட்டும் நான் பழி சொல்ல மாட்டேன். அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவர்களுக்குள்தான் நம்மில் பலர் பிறந்து வளர்ந்தோம்.

ஆனால் பொனேரையும் தெய்வமாக்க வேண்டாம். சட்டம் போட்ட சில வருடத்திலேயே பூங்காவை நடத்தப் பணம் தீர்ந்துபோய், 1980களின் நடுவிலிருந்து அது கடதாசியில் மட்டும் இருந்தது. மறுபடி உயிர் வந்தது 1992இல். எப்படி? சுழியோடிகளிடமே ஆண்டுக்குப் பத்து டொலர் கட்டணம் வாங்கினார்கள். விருந்தாளியிடம் காசு கேட்டால் விருந்தாளி வரமாட்டார் என்று ஹொட்டேல்காரர் பயந்தார்கள். வந்தார்கள். அந்தக் கட்டணம் பின்னாளில் நாற்பது டொலராகியது. அதைக் கட்டி, ஒரு விளக்கவுரை கேட்டு, முதல் சுழியோட்டத்தை ஓர் இலகுவான இடத்தில் செய்து காட்டாமல் மற்ற இடங்களில் இறங்க விடமாட்டார்கள். கையுறை போடக் கூடாது. கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும் என்பது காரணம். இந்த ஒரு விதியைப் போட்டவருக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. சிங்கமீன் தெரியும்தானே, சிறகு விரித்தது போல முள், வரி வரியான உடம்பு. இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் வாழும் மீன், நம் பாறைகளில் அது வீட்டுக்காரன். கண்ணாடித் தொட்டி அலங்காரத்துக்காக அமெரிக்காவுக்கு ஏற்றிப் போன இந்த இனம் புளோரிடாப் பக்கம் கடலில் கலந்து, கரீபியன் முழுவதும் பரவி, 2009இல் பொனேருக்கும் வந்துவிட்டது. அங்கே அதைத் தின்ன மீன் இல்லை, அதுவோ குஞ்சு மீன்களை எல்லாம் தின்று தீர்க்கிறது. கடைசியில் 1971 முதல் ஈட்டியைத் தடை செய்த தீவே, பயிற்சி பெற்ற தொண்டர்களுக்கு ஈட்டி கொடுத்து இந்த மீனை மட்டும் குத்துங்கள் என்று விட வேண்டியதாயிற்று. நம் மீன் அங்கே போய்ச் சட்டத்தை வளைத்துவிட்டது. இப்போது அங்கே அதைவிடப் பெரிய கவலை, 2023இல் தோன்றிய பவளத் திசு அழிவு நோய். பழைய மூளைப் பவளங்களையே சில மாதத்தில் கொன்றுவிடும். சுழியோட்ட உடுப்பைக் கிருமி நீக்கிவிட்டே அடுத்த இடத்துக்குப் போகும்படி சுழியோடிகளைக் கேட்டுக்கொண்டார்கள்.

சரி, கல்கிசை? ஹொட்டேல் நிற்கும் பாறைமுனைக்குப் பக்கத்தில் இறங்கினால் என்ன? இறங்கலாம். டிசெம்பரிலிருந்து மார்ச் வரை கடல் தகடு மாதிரி இருக்கும் காலைகளில் முகமூடியோடு போனால் பாறையும் மீனும் தெரியும். ஆனால் சுழியோட்டக் கரை என்று நான் சொல்ல மாட்டேன். பொனேரில் இல்லாதது எல்லாம் இங்கே இருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தைக் கழுவிக்கொண்டு வந்து கடலில் விழுகின்றன. கொழும்பின் கழிவுநீரைக் கடலுக்குள் விடும் இரண்டு நீள்குழாய்களில் ஒன்று வெள்ளவத்தையில், மற்றது முகத்துவாரத்தில். வடக்கே களனி. 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்துப் பின் மூழ்கியபோது, பிளாஸ்டிக் மணிகள் இந்த மணலிலும் பரவின. இப்போதும் மணலைக் கிளறினால் தட்டுப்படும் என்பார்கள் இங்கே நடப்பவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் நேராக இந்தக் கரையின் முகத்தில் அடிக்கிறது. 2020இல் இங்கே மணல் நிரப்பினார்கள். சோளகம் தொடங்கும் வேளையில் கொட்டிய மணலை அலை இழுத்துப் போனதைப் பார்த்து ஊரே சிரித்தது, அது பரவத்தான் கொட்டினோம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு வழங்கவில்லை. காற்றின் நாட்காட்டியைப் பார்க்காமல் கரையில் எதைச் செய்தாலும் இந்த விவாதம் வரும்.

கல்கிசைக்கு அப்பால் படகில் போனால் கதை வேறு. 1917 பெப்ரவரியில் ஜெர்மனியின் வுல்ஃப் என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளை விதைத்துவிட்டுப் போனது. அதில் சிக்கி வூஸ்ரர்ஷயர், பேர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் சில நாள் இடைவெளியில் மூழ்கின. அவையும் வேறு கப்பல்களும் இந்தக் கடலடியில் கிடக்கின்றன. ஆழமானவை, அனுபவக்காரருக்கு உரியவை. நல்ல காலம் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். ஆனால் அது படகுச் சுழியோட்டம், இன்றைய தலைப்பு கரை.

இப்போது நம்முடைய பெரிய அதிர்ஷ்டத்தைச் சொல்லவா? பொனேருக்கு ஒரே காற்று, அதனால் ஒரே மறைவுக் கரை. நமக்கு இரண்டு காற்று. சோளகம் மேற்கே அடிக்கும்போது அது மலைநாட்டைக் கடந்து கிழக்கே இறங்கி, மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் சூடான காற்றாகக் கடலை நோக்கி வீசுகிறது. திருகோணமலையின் கடல் அப்போது படுத்துவிடும். மழையும் இல்லை, மகாவலியும் மெலிந்திருக்கும், நீர் தெளியும். வாடை தொடங்கினால் கிழக்கு கொந்தளிக்கும், மேற்கும் தெற்கும் படுக்கும். ஆண்டில் பெரும்பகுதி இந்தத் தீவில் ஏதோ ஒரு கரை காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறது. பொனேரில் நடக்கும் அதே சங்கதி. ஒரே வித்தியாசம், இங்கே கரை இடம் மாறும், நீங்களும் கூடவே மாற வேண்டும்.

இதை நமக்கு கிளார்க் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மன்னார் முத்துச் சலாபம் பருவக் காற்றுகளுக்கு நடுவே கடல் அடங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டியே நடந்தது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் பாயும் ஓலையுமாக ஒரு நகரம் எழும், சலாபம் முடிந்ததும் மறையும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளிகாரர் வருவார்கள். நள்ளிரவில் நிலக்காற்றில் தோணிகள் புறப்படும். பகலில் கடற்காற்று திரும்பியதும் அதே காற்றில் கரை சேரும். குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி எட்டுப் பத்துப் பாகம் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முண்டக்கு நிற்பார், அவருடைய கண் கயிற்றைவிட்டு நகராது. தனியாக இறங்காதே என்று இன்றைய சுழியோட்டப் பள்ளிகள் முதல் நாள் கற்பிப்பது அதைத்தான். 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் அரசாங்க உத்தியோகத்தராக நின்றவர்களில் லெனர்ட் வூல்ஃபும் ஒருவர், வேர்ஜீனியா வூல்ஃபின் கணவராகப் பிறகு உலகம் அறிந்தவர். பிறகு சிப்பி குறைந்தது, சலாபமும் நின்றது. கடலில் இறங்கிப் பிழைத்த சமூகங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்க்கிறார்கள். நீந்தத் தெரியாமல் பார்க்கிறார்கள்.

ஆகவே திட்டம் போடுகிறவர்களுக்கு என் யோசனை நேரானது. பொனேருக்குப் போகுமுன் இங்கே ஒரு வருடம் இறங்குங்கள். டிசெம்பர் விடுமுறையில் தெற்கே போங்கள். மாத்தறைப் பக்கம் பொல்ஹேனாவில் கரையிலிருந்து நடந்தே பாறைக்குப் போகலாம், ஆழமில்லை, தொடங்குகிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஹிக்கடுவையில் 1998 வெப்பத்தில் வெளுத்துச் செத்த பவளத்தின் எலும்புகளையும், அதன் மேல் புதிதாக வளர்ந்ததையும் ஒரே நீச்சலில் பார்க்கலாம். அங்கே ஆமைக்குக் கடற்பாசி ஊட்டிப் படமெடுக்கிறார்கள், நீங்கள் செய்யாதீர்கள். உனவட்டுனவிலோ கொழும்பிலோ முறையான பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் வேலை.

பிறகு மே முதல் செப்டெம்பருக்குள் திருகோணமலை. கோட்டையிலிருந்து இரவுப் புகையிரதம் ஏறினால் விடியும்போது அங்கே நிற்பீர்கள். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. அதற்குப் படகு வேண்டும், ஆனால் தீவில் இறங்கியபின் அதன் கரையிலிருந்து நடந்தே நீருக்குள் போகிறீர்கள். பவளத்துக்கு மேல் கறுப்பு நுனிச் சுறாக்குட்டிகள் சுற்றும். பொதுவாகக் கடிக்காது. 1998இல் தெற்கும் மேற்கும் வெந்தபோது புறாத்தீவுப் பவளம் பெருமளவு தப்பிப் பிழைத்தது. 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். அந்தப் பவளத்தின் மேல் இப்போது விடுமுறைக் கூட்டம் செருப்போடு நிற்கிறது. மஞ்சள் கல்லும் விளக்கவுரையும் அங்கே இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதுங்கள். டிக்கெட் வாங்குகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

கிழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. முன்னூறுக்கு மேற்பட்டவர் இறந்தார்கள். கரையிலிருந்து கனவு காண மட்டுந்தான், தொழில்முறைப் பயிற்சி இல்லாமல் அந்தப் பக்கம் நினைக்காதீர்கள்.

மறைவுக் கரையில் ஓர் ஆபத்து உண்டு, பொனேருக்கும் திருகோணமலைக்கும் பொது. அமைதியான நீரைப் பார்த்து மனம் மயங்கும். காற்று நிலத்திலிருந்து வெளியே வீசுகிறது என்பதை மறந்துவிடுவோம். நீருக்கு மேலே வந்தபின் களைத்து மிதந்தால் அது உங்களைக் கரைக்குத் தள்ளாது, வெளிக்கடலுக்குத் தள்ளும். ஆகவே போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டுவரும். 200 பார் காற்றோடு இறங்கினால் பாதி தீருமுன்னே திரும்புங்கள். தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் செம்மஞ்சள் மிதவை ஒன்றைச் சுருட்டி இடுப்பில் வைத்திருங்கள்.

அடுத்தது உடம்பு. இருபது மீற்றரில் அழுத்தம் மூன்று மடங்கு. சுவாசிக்கும் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மெதுவாக வெளியேறும். அவசரப்பட்டால் சோடாப் போத்தலைத் திறந்தது போலத்தான். வடக்கில் கடலட்டைக்காகச் சிலிண்டரோடு நாள் முழுவதும் இறங்கி ஏறிய இளைஞர்கள் சிலர் இடுப்புக்குக் கீழே முடங்கிப் போனது இதனால். விமானத்துக்குள் அழுத்தம் குறைவு, பல நாள் சுழியோடியவர் குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். பொனேரில் இதைக் கணக்கிட்டால் போதும், அங்கே உயரமான மலை 241 மீற்றர்தான். இங்கே கணக்கு வேறு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால் நாம் என்ன செய்வோம்? காலையில் திருகோணமலையில் கடல், மத்தியானம் வாகனத்தில் ஏறினால் இரவுக்கு நுவரெலியா. 1,868 மீற்றர். உடம்புக்கு அது ஏறக்குறைய விமானப் பயணம் போலத்தான். சுற்றுலாவின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள், முதலில் மலை, கடைசியில் கடல், அதற்குப் பிறகு ஒரு வெறும் நாள். இப்படி முடங்குவோருக்குச் சிகிச்சை தரும் கடற்படையின் அழுத்த அறை திருகோணமலையில் இருக்கிறது. அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் அவசரப்பட வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பொனேர் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, போங்கள், நல்ல தீவு. கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா வழியாக அம்ஸ்ரடாம், அங்கிருந்து கே.எல்.எம். விமானத்தில் இன்னும் ஒன்பது பத்து மணி நேரம். ஷெங்கன் விசா வேறு, நெதர்லாந்தின் கரீபியன் விசா வேறு. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரிடம் அம்ஸ்ரடாமில் விமானம் மாறுவதற்கே பொதுவாக விசா கேட்பார்கள், இரண்டையும் முன்கூட்டியே விசாரியுங்கள். கனடாவிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் அவருடைய சொல்லைக் கேட்டு டிக்கெட் போடாதீர்கள். தீவில் இறங்கியதும் 75 டொலர் நுழைவு வரி, அதற்கு மேல் பூங்காக் கட்டணம். செப்டெம்பர், ஒக்டோபரில் காற்று தணியும். புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அந்த மாதங்களிலும் பெரிய பயமில்லை. ஆனால் 1999 நவம்பரில் லெனி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காகப் போய், மறைவாயிருந்த கரையையே அடித்து நொறுக்கியது. வாடகைப் பிக்கப்பில் ஒன்றும் வைக்காதீர்கள், கதவைப் பூட்டவும் வேண்டாம். பூட்டினால் திருடர்கள் கண்ணாடியை உடைப்பார்கள், உடைந்த கண்ணாடிக்கு நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். ஏழு நாள் போனால் முதல் நாள் பாதி விளக்கவுரைக்கும் கடைசி நாள் நைதரசனுக்கும் போய்விடும். ஐந்தரை நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள். நீந்தத் தெரியாதவர்களுடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.